ஆல்ப்ஸ் மலையேற்றம்: போகும் முன் திட்டம், வந்த பின் கணக்கு

ஐரோப்பாவில் படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கும் நம் பிள்ளைகளில் சிலர் கோடை விடுமுறையில் நண்பர்களோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறார்கள். முதல் வருடம் கேபிள் காரில் ஏறிப் படம் எடுத்துவிட்டு இறங்குவார்கள். அடுத்த வருடம் நடைபாதையில் ஒரு நாள் பயணம். மூன்றாம் வருடம், "இந்தத் தடவை ஒரு சிகரம் ஏறப் போகிறோம் வாப்பா" என்று போன் வரும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வரும். ஆனால் என்ன கேட்பது, எதைச் சொல்லித் தடுப்பது, எதை நம்பி அனுமதிப்பது என்று தெரியாது. "பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்போம்.

"பார்த்துப் போ" என்பதற்கு மலையில் என்ன பொருள் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சுவிட்சர்லாந்தின் மலைகளில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் நூறு பேரோ அதற்கு மேலோ விபத்துகளில் இறக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் சாகச வீரர்கள் அல்லர். சாதாரண நடைபயணிகளும் பொழுதுபோக்காக மலையேறுகிறவர்களும்தான் அதிகம். பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமும் விசித்திரமானதல்ல: கால் வழுக்கியது, தடுக்கியது, விழுந்தது. அந்த வழுக்கல் ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த ஆளுக்கு நேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், பல சமயம் முதல் நாள் இரவு எடுத்த ஒரு முடிவிலோ எடுக்காமல் விட்ட ஒரு முடிவிலோ போய் நிற்கும்.

1865: ஒரு கயிறும் ஏழு பேரும்

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே 4,478 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மேட்டர்ஹார்ன் சிகரம். 1865 ஜூலை 14 அன்று முதன்முதலாக அதன் உச்சியை மனிதர்கள் தொட்டார்கள். எட்வர்ட் விம்பர் என்ற 25 வயது ஆங்கிலேய ஓவியர் அதற்கு முன் பல தடவை முயன்று தோற்றவர். இத்தாலியப் பக்கத்திலிருந்து வேறொரு குழு புறப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் அவர் அவசரமாகச் சுவிஸ் பக்கமுள்ள செர்மாட் கிராமத்துக்கு வந்தார். வழியில் லார்ட் பிரான்சிஸ் டக்ளஸ் சேர்ந்துகொண்டார். செர்மாட்டில் சார்லஸ் ஹட்சன் என்ற பாதிரியாரும் அதே சிகரத்துக்குத் தயாராக இருந்தார். இரண்டு குழுக்களும் இரவோடு இரவாக ஒன்றாயின. மறுநாள் காலையே புறப்பட்டார்கள்.

ஹட்சனோடு டக்ளஸ் ஹாடோ என்ற 19 வயது இளைஞரும் வந்திருந்தார். இவரால் முடியுமா என்று விம்பர் கேட்டார். பெரும்பாலானவர்களைவிடக் குறைந்த நேரத்தில் மோன் பிளாங் சிகரத்தை ஏறியவர் என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு பேச்சு முடிந்தது. மோன் பிளாங் மேட்டர்ஹார்னைவிட உயரமானது என்பது உண்மை. ஆனால் அதன் வழக்கமான பாதை பெரும்பாலும் பனிமேல் நடப்பது. மேட்டர்ஹார்ன் செங்குத்தான பாறை. ஒன்றில் வேகமாக ஏறியவர் மற்றொன்றில் தடுமாறாமல் இறங்குவார் என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

ஏழு பேரும் உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது ஹாடோவின் கால் வழுக்கியது. அவருக்கு முன்னால், அவருடைய பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் வைத்து உதவிக்கொண்டிருந்த வழிகாட்டி மிஷேல் க்ரோவையும் அவர் இடித்துத் தள்ளினார். கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்த ஹட்சனும் டக்ளஸும் இழுபட்டார்கள். அடுத்து நின்ற வழிகாட்டி டவுக்வால்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவே கயிறு அறுந்தது. நான்கு பேர் ஆயிரம் மீட்டருக்கும் கீழே பனியாற்றில் விழுந்து இறந்தார்கள். விம்பரும் டவுக்வால்டர் தந்தை மகன் இருவரும் தப்பினார்கள். குழுவிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. அறுந்தது மூன்றிலும் வலு குறைந்தது.

160 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு. குழு அவசரத்தில் சேர்ந்தது. ஒரு பழைய வெற்றியே தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கருவி இருந்தும் சரியான கருவி சரியான இடத்தில் பயன்படவில்லை. விபத்து நடந்தது ஏறும்போது அல்ல, காரியம் முடிந்துவிட்டது என்று மனம் தளர்ந்த இறக்கத்தில். இன்றைய விபத்து அறிக்கைகளிலும் இந்த நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன.

மூன்று விஷயங்கள், மூன்று தடவை

திட்டமிடுவது என்றால் என்ன? வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி எளிய முறை ஒன்றை வகுத்துத் தந்தார். பனிச்சரிவு ஆபத்தை மதிப்பிட அவர் வகுத்த அந்த முறை கோடைக்கால மலையேற்றத்துக்கும் பொருந்துகிறது. மூன்று விஷயங்களை மூன்று தடவை பார்க்க வேண்டும்.

விஷயங்கள் மூன்று: வானிலையும் பனியின் நிலையும், நிலத்தின் அமைப்பு, மனிதர்கள். பார்க்க வேண்டிய நேரங்கள் மூன்று: வீட்டில் வரைபடத்தோடு உட்காரும்போது, மலையடிவாரத்தில் கண்ணால் பார்க்கும்போது, ஒவ்வோர் ஆபத்தான சரிவுக்கும் முன்னால் நிற்கும்போது. வீட்டில் சரியாக இருந்தது அடிவாரத்தில் சரியில்லாமல் போகலாம். அடிவாரத்தில் சரியாக இருந்தது அந்தக் குறிப்பிட்ட சரிவில் மாறலாம். மூன்றில் எந்தத் தடவை "இல்லை" என்று பதில் வந்தாலும் திட்டம் மாற வேண்டும். அதனால் வீட்டிலேயே இரண்டாவது திட்டம் ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். மாற்றுத் திட்டம் இல்லாதவர்கள்தான் மோசமான நாளிலும் முதல் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் சொன்னால் அது பொருளற்றது. எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதும் சேர வேண்டும். இதற்கும் முன்டரின் பெயரால் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோமீட்டர் தூரம் ஓர் அலகு. நூறு மீட்டர் உயரமும் ஓர் அலகு. ஏறும்போது மணிக்கு 4 அலகு, நடந்து இறங்கும்போது மணிக்கு 6 அலகு.

ஓர் உதாரணம்: 6 கிலோமீட்டர் தூரம், 1,200 மீட்டர் ஏற்றம். தூரத்துக்கு 6, உயரத்துக்கு 12, மொத்தம் 18 அலகு. ஏற 18ஐ 4ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம். இறங்க 6ஆல் வகுத்தால் 3 மணி நேரம். மொத்தம் ஏழரை மணி. இதில் ஓய்வு, சாப்பாடு, கயிறு கட்டும் நேரம், வழி தேடும் நேரம் எதுவும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும்.

காலை 5 மணிக்குப் புறப்பட்டால் கணக்குப்படி 9:30க்கு உச்சி. ஒரு மணி நேரம் தாமதத்துக்கு ஒதுக்குவோம். அப்படியானால் 10:30தான் திரும்பும் நேரம். உச்சி கண்ணுக்கு முன்னால் இருபது நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் 10:30க்குத் திரும்பிவிட வேண்டும். இந்த நேரத்தை முதல் நாள் மாலையிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிவைக்க வேண்டும். களைப்பும் ஆசையும் குறைந்த ஆக்சிஜனும் சேர்ந்த தலையால் அந்த முடிவை நியாயமாக எடுக்க முடியாது.

ஏன் இவ்வளவு அதிகாலை? கோடையில் ஆல்ப்ஸ் மலையில் பிற்பகலில் இடி மின்னல் வருவது சாதாரணம். வெயில் ஏற ஏறப் பனி இளகுகிறது. பனிப் பிளவுகளின் மேல் பாலம்போல் உறைந்திருக்கும் பனி பலவீனமாகிறது. பாறைகளைப் பிணைத்திருந்த உறைபனி உருகிக் கற்கள் உருளத் தொடங்குகின்றன. மோன் பிளாங் சிகரத்துக்குப் பிரான்ஸ் பக்கமிருந்து போகும் வழக்கமான பாதையில், 3,167 மீட்டரில் உள்ள தெத் ரூஸ் மலைக்குடிலுக்கும் 3,835 மீட்டரில் உள்ள கூட்டே மலைக்குடிலுக்கும் இடையே, கற்கள் உருண்டு வரும் ஒரு செங்குத்துப் பள்ளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். கடக்கும் தூரம் சில பத்து மீட்டர்தான். ஆனால் பல உயிர்களைக் குடித்த இடம் அது. மலையேற்ற நுட்பத்தில் அது கடினமான இடமே அல்ல. எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதுதான் அங்கே முக்கியம்.

2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மோலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி இடிந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். அது வழக்கத்துக்கு மீறிய வெப்பம் நிலவிய காலம். அப்படிப்பட்ட இடிபாட்டின் பாதையில் நிற்பவருக்கு ஹெல்மெட்டும் கயிறும் பெரிதாக உதவாது. எனவே வானிலை முன்னறிவிப்பில் மழை உண்டா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்குகிறது, இரவில் பனி மறுபடி உறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரவில் உறையாத பனிமேல் காலையில் போவதும், மதியம் போவதைப் போன்றதுதான்.

பாதையின் தரக் குறியீடு எதைச் சொல்கிறது?

ஆல்ப்ஸ் மலைப் பாதைகளுக்குப் பிரெஞ்சு எழுத்துகளில் தரம் குறிப்பார்கள். எஃப் என்றால் எளிது. பிடி என்றால் ஓரளவு கடினம். ஏடி என்றால் நன்றாகவே கடினம். டி என்றால் கடினம். அதற்கு மேலும் உண்டு. "எஃப் என்று போட்டிருக்கிறது, எளிதுதான்" என்று நினைக்கும் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அந்த எழுத்து நல்ல நிலையில் உள்ள பாதைக்கானது. நேற்றிரவு புதுப்பனி பெய்திருந்தால் அதே பாதை வேறு பாதை. மேலும் அது மலையேற்றம் தெரிந்தவர்களுக்கான "எளிது". பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களோடு நடக்கவும், வழுக்கினால் பனிக்கோடரியை ஊன்றித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளவும், பனிப் பிளவில் விழுந்தவரைக் கயிற்றால் மேலே தூக்கவும் பழகியவர்களுக்கே அது எளிது.

இவற்றைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது. 1863இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப்பும், 1869இல் தொடங்கிய ஜெர்மன் ஆல்பைன் கிளப்பும் கிளைகள்தோறும் பயிற்சி நடத்துகின்றன. முதல் சிகரத்துக்கு முன் பயிற்சி வகுப்பு, முதல் பனியாற்றுக்குத் தகுதி பெற்ற வழிகாட்டி என்று வைத்துக்கொள்வதே முறை. புதிய பூட்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இதற்குச் செலவழிக்கும் பணத்துக்குப் பயன் அதிகம்.

மனிதர்கள்

குழுவின் வேகம் என்பது குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம். நேரக் கணக்கை அவரை வைத்துத்தான் போட வேண்டும்.

உயரம் எல்லோரையும் ஒரேபோல் பாதிப்பதில்லை. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். மோன் பிளாங் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே அதிகம். உடற்பயிற்சி செய்து வைத்திருக்கும் உடம்பு என்பதால் தப்ப முடியாது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டல். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ ஒரே மருந்து கீழே இறங்குவது. காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, குழு எப்படி முடிவெடுக்கிறது என்பது. பனிச்சரிவு ஆய்வாளர் இயன் மெக்காமன் அமெரிக்காவில் நடந்த 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். ஆபத்தின் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரிந்தும், பயிற்சி பெற்றவர்கள்கூட அவற்றைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஏன்? பழகிய இடம்தானே என்ற எண்ணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம். மற்றவர்கள் முன் கெட்டிக்காரராகத் தெரியும் ஆசை. தலைவருக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. முன்னால் ஒரு கூட்டம் போகிறதே என்ற தைரியம்.

இதற்கு மருந்து மஷூராதான். ஆனால் மலைக்கு உரிய ஒரு நிபந்தனையோடு: போகலாம் என்பதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும், திரும்பலாம் என்பதற்கு ஒருவர் சொன்னாலே போதும். அந்த ஒருவர் காரணம் விளக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அனுபவம் குறைந்தவரை முதலில் பேசவிட வேண்டும். தலைவர் கடைசியில் பேச வேண்டும். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பது கடினம்.

வீட்டில் இருப்பவரின் பங்கு

குழுவில் மலைக்கு வராத ஒருவரும் இருக்க வேண்டும். திட்டத்தின் நகல் அவரிடம் இருக்கும். யார் யார், எந்தப் பாதை, எந்தக் குடிலில் இரவு, வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குச் செய்தி வரும், எத்தனை மணி வரை வராவிட்டால் மீட்புக் குழுவை அழைப்பது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடைசிக் குறிப்புதான் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் தேவையில்லாமல் மாலையிலேயே பதறுவார், அல்லது "போனில் சார்ஜ் இருக்காது" என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு விடியும்வரை இருந்துவிடுவார்.

அந்தப் பொறுப்பை ஐரோப்பாவிலேயே இருக்கும் நண்பரிடம் கொடுப்பது நல்லது. ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112. சுவிட்சர்லாந்தில் ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பின் எண் 1414. போன் எடுக்காத இடத்தில் 1894 முதல் வழக்கில் உள்ள மலைச் சைகையைப் பயன்படுத்தலாம். ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை விசில் அல்லது டார்ச் வெளிச்சம், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு தடவை. நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் வந்தால் நம்மைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள்.

பத்திரமாக வந்துவிட்டோம், இனி என்ன?

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். படங்களைப் பகிர்வார்கள், பூட்ஸைக் கழுவி வைப்பார்கள், அத்தோடு பயணம் முடிந்தது. பத்திரமாக வந்ததே எல்லாம் சரியாக நடந்ததற்கு அத்தாட்சி என்று எண்ணிக்கொள்வார்கள்.

மலை அவ்வளவு நேர்மையான ஆசிரியர் அல்ல. சமையலில் உப்பு கூடினால் முதல் வாயிலேயே நாக்கு சொல்லிவிடும். மலையில் அப்படி இல்லை. கல் உருளும் பள்ளத்தை நண்பகலில் பத்துக் குழுக்கள் கடந்தால் பத்தும் தப்பிவிடக்கூடும். பத்துக் குழுக்களும் "நண்பகலில் கடக்கலாம்" என்ற பாடத்தோடு வீடு திரும்பும். தவறான முடிவுக்குப் பரிசு கிடைத்துவிட்டது. அடுத்த தடவை இன்னும் தைரியமாகப் போவார்கள். ஹாடோவுக்கு மோன் பிளாங் வெற்றி தந்த சான்றிதழும் இப்படிப்பட்டதுதான். எனவே முடிவு நல்லதா என்பதைத் திரும்பி வந்ததை வைத்து அளக்காமல், முன்பு எழுதிய திட்டத்தை வைத்து அளக்க வேண்டும்.

இதற்காகத்தான் போகும் முன் எழுதிவைக்கச் சொல்கிறோம். எழுதாத திட்டம் திரும்பி வந்த பிறகு நினைவில் மாறிவிடும். "நான் அப்போதே நினைத்தேன்" என்று எல்லோரும் சொல்வார்கள்.

மேலே சொன்ன 18 அலகுப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கில் நாலரை மணி. உண்மையில் ஏற 6 மணி நேரம் ஆனது என்று வையுங்கள். 18ஐ 6ஆல் வகுத்தால் மணிக்கு 3 அலகு. இதுதான் இந்தக் குழுவின் உண்மையான வேகம். அடுத்த பயணம் 15 அலகு என்றால் மூன்றே முக்கால் மணி என்று எழுதக் கூடாது, 5 மணி என்று எழுத வேண்டும். 10:30 ஆகியும் திரும்பாமல் 11 மணிக்கு உச்சியைத் தொட்டிருந்தால், அன்று மழை வரவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது. ஒப்பந்தத்தை யார் முன்மொழிந்து, யார் மௌனமாக இருந்து மீறினோம் என்று பேச வேண்டும்.

வந்த இரண்டு நாளுக்குள் குழுவாக உட்கார்ந்து ஐந்து கேள்விகள் கேட்டால் போதும். திட்டத்துக்கும் நடந்ததற்கும் எங்கே வேறுபாடு? நூலிழையில் தப்பிய இடங்கள் எவை? யாருக்கு எப்போது பயம் வந்தது, அதைச் சொன்னாரா? எந்தப் பொருள் வீணாகச் சுமந்தது, எது இல்லாமல் தவித்தோம்? அடுத்த தடவை மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயம் எது? கழன்ற பட்டை, உருண்ட ஒரு கல், தவறவிட்ட ஒரு திருப்பம் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். அவை விபத்தாகாமல் கிடைத்த பாடங்கள்.

இந்தப் பேச்சில் "யார் செய்தது" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து "எப்படி நேர்ந்தது" என்று கேட்பது அவசியம். மேட்டர்ஹார்ன் விபத்துக்குப் பிறகு வழிகாட்டி டவுக்வால்டர் தன் உயிரைக் காக்கக் கயிற்றை வெட்டிவிட்டார் என்று ஊர் பேசியது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பேச்சு ஓயவில்லை. அந்தப் பரபரப்பில், இரவோடு இரவாகச் சேர்ந்த குழு சரியா, அனுபவமற்ற இளைஞரைச் சேர்த்தது சரியா, வலு குறைந்த கயிறு எப்படி அங்கே வந்தது என்ற பயனுள்ள கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன.

பிறருடைய பாடங்களையும் படிக்கலாம். அமெரிக்க ஆல்பைன் கிளப் 1948 முதல் மலை விபத்துகளின் ஆண்டு அறிக்கையை வெளியிட்டு வருகிறது. எங்கே, எப்படி, ஏன் நடந்தது, எதைச் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் அலசுகிறார்கள். ஒரு பயணத்துக்கு முன் அதே மாதிரியான பாதையில் நடந்த இரண்டு மூன்று விபத்துகளைப் படிப்பது நல்ல பயிற்சி.

இனி வீட்டுக்கு அந்தப் போன் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரோடு போகிறாய், அவர்களுக்கு என்ன தெரியும்? எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள்? எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் யார் மீட்புக் குழுவை அழைப்பார்? பதில் தயாராக இருந்தால் பிள்ளை திட்டமிட்டிருக்கிறது என்று பொருள். தயாராக இல்லையென்றால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மலை எங்கும் போய்விடாது.

திரும்பி வந்து பேசும்போது "உச்சிக்குப் போனாயா?" என்று முதலில் கேட்காதீர்கள். உச்சியைத் தொடாமல் 10:30க்குத் திரும்பிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஒரு தண்டனையாகிவிடும். அடுத்த தடவை அவன் 10:30க்குத் திரும்பத் தயங்குவான். "திட்டப்படி நடந்ததா, எங்கே மாறியது?" என்று கேளுங்கள்.